கடல் இல்லாத நாட்டின் பிரதிநிதி

உலகத்தில் எந்தத் துறைமுகத்தில் எந்தக் கப்பல் கயிற்றை அவிழ்த்தாலும், மட்டாஞ்சேரி அமீருதீன் மகள் லமியாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவிழ்ப்பதில்லை. சிங்கப்பூரில் பாரந்தூக்கி பெட்டியைத் தூக்கி அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு, "லமியா எழுந்தாச்சா?" என்று விசாரித்துவிட்டுத்தான் கீழே இறக்கும். சூயஸ் கால்வாயில் ஒரு கப்பல் குறுக்கே மாட்டிக்கொண்டு உலகமே தவித்தது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு லமியாவுக்குக் காய்ச்சல்.

இப்படியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டதில்லை. அவள் தம்பி சாஹில்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிவான். இதை எழுதுகிறவனும் அவனே. அதனால் மேலே சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டு, மீதியை நம்பாமல் இருந்தால் போதும்.

நிஜத்தில் லமியாவுக்கு வயது இருபத்திரண்டு. இடப்பள்ளி தாண்டி இருக்கிற பல்கலைக்கழகத்தில் சர்வதேச வணிகம் எம்.ஏ., இரண்டாம் வருஷம். காலையில் மட்டாஞ்சேரி ஜெட்டியில் வாட்டர் மெட்ரோ படகு, ஹைகோர்ட்டில் இறங்கி ஒரு ஓட்டம், அப்புறம் ஆட்டோவோ பஸ்ஸோ, அதற்கப்புறம் மெட்ரோ ரயில். ஒரு நாட்டுச் சரக்கு இன்னொரு நாட்டுக்கு எப்படிப் போகிறது என்று படிக்கிறவள், தானே சரக்கு மாதிரி வண்டி மாறி வண்டி மாறித்தான் வகுப்புக்குப் போய்ச் சேருவாள். சேதாரம் இல்லாமல் சேர்ந்த நாட்கள் குறைவு.

ஜெட்டியில் நின்றால் எதிரே வெல்லிங்டன் தீவு. கல்லை விட்டெறிந்தால் போய் விழுகிற தூரம் என்று சாஹில் சொல்லுவான். எறிந்தும் பார்த்திருக்கிறான், விழவில்லை. அங்கே துறைமுகம், குடோன்கள், கப்பல் கம்பெனிகளின் ஆபீஸ்கள். லமியாவின் அத்தா அமீருதீன் பஜார் ரோட்டில் சுக்குத் தரகர். தலை நரைக்கிற வரைக்கும் அவர் கைவழியாகப் போன சுக்கு எந்தெந்த நாட்டுக்கோ போயிருக்கிறது. அவர் போனது துறைமுக கேட் வரைக்கும்தான். உள்ளே நுழைய பாஸ் வேண்டும், தரகருக்கு பாஸ் கிடையாது. சரக்கு லாரியில் உள்ளே போகும், அத்தா கேட்டுக்கு எதிரே ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்பி வருவார். அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. சாயா நன்றாகத்தான் இருக்குமாம்.

குறையெல்லாம் லமியாவுக்குத்தான். சின்ன வயதில் ஒரு தடவை அத்தாவோடு போய் அந்த கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறாள். ஒரு லாரி உள்ளே போனது, ஒரு நாய் உள்ளே போனது, இவளை மட்டும் காவல்காரர் "மோளே, மதி" என்று, போதும் என்கிற மாதிரி கை காட்டி நிறுத்திவிட்டார். இதனால்தான் இந்தப் படிப்பு படிக்கிறேன் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் "ஸ்கோப் இருக்கு" என்பாள்.

"உள்ளூர் வியாபாரமே இங்க ஒருத்தருக்கும் புரியல, இவளுக்கு சர்வதேசம்" என்று அம்மா ஜொஹரா பீவி மட்டும் அவ்வப்போது சொல்லுவார்.

லமியாவின் ஆசை நிறைவேற ஒரு வழி பிறந்தது. கடைசி செமஸ்டரில் எல்லோரும் ஏதாவது ஒரு நிறுவனத்தில் ஆறு மாதம் பயிற்சி எடுக்க வேண்டும். வெல்லிங்டன் தீவில் சரக்கு அனுப்புகிற கம்பெனி ஒன்று, அந்த வருஷம் ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. போட்டோ ஒட்டிய கேட் பாஸ் உண்டு. மற்றவர்களுக்கெல்லாம் இடப்பள்ளி மாலில் வெளிநாட்டு அத்தர் பாட்டில் எண்ணுகிற மாதிரி வேலைகள்தான். அந்த ஒரு ஆள் யார் என்பதை முடிவு செய்ய ரமேஷ்பாபு சார் ஒரு போட்டி வைத்தார்.

வகுப்பு நாடு நாடாகப் பிரிக்கப்பட்டது. இரண்டிரண்டு நாடுகளாக உட்கார்ந்து வர்த்தக ஒப்பந்தம் பேச வேண்டும். எந்தத் தலைவர் தன் நாட்டுக்கு அதிகம் வாங்கித் தருகிறாரோ அவருக்குத் தீவு. நாடுகளுக்கு சார் வைத்த பெயர்கள் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று கணக்கு வகுப்பு மாதிரியே இருந்தன. லமியாவுக்குக் கிடைத்தது பீட்டா. பீட்டாவில் இஞ்சி விளைகிறது, ஏலக்காய் விளைகிறது, கடல் மட்டும் இல்லை. நாலு பக்கமும் நிலம். பக்கத்து நாடான ஆல்ஃபாவின் துறைமுகம் வழியாகத்தான் சரக்கு வெளியே போகணும்.

வீட்டில் இதைச் சொன்ன அன்று சாஹில் சோற்றுத் தட்டோடு எழுந்து நின்று சல்யூட் அடித்தான். "ஜெட்டியில பொறந்தவளுக்குக் கடலில்லாத நாடு! லாத்தா, மீன் எங்கேர்ந்து வரும் உன் நாட்டுக்கு?"

"வாயை மூடிட்டுத் தின்னுடா."

மறுநாள் காலையில் அவள் அறைக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. 'பீட்டா தூதரகம். விசா கேட்டு வருவோர் வரிசையில் நிற்கவும். மீன் கொண்டு வருவோர் நேராக உள்ளே வரலாம்.' லமியா அதைக் கிழிக்கவில்லை. கிழித்தால் இன்னொன்று வரும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆல்ஃபாவின் தலைவன் சாய்கிருஷ்ணா. திருப்பூணித்துறைக்காரன். பாலக்காட்டிலிருந்து எப்போதோ வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். மெட்ரோவில் ஒரு நாள் இருவரும் வீட்டுக்கு போன் பேசும்போதுதான், அடடே, இதுவும் தமிழா என்று ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். வகுப்பில் ஆங்கிலம்தான் பேச வேண்டும். லேசாகக் கோபம் வந்தால் மலையாளம் வரும். ரொம்ப வந்தால் ரெண்டு பேருக்கும் தமிழ்.

பேச்சு நடந்த அன்று தமிழ் வெகு சீக்கிரமே வந்துவிட்டது.

இந்த இடத்தில் அமீருதீன் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பஜார் ரோட்டில் கடைக்குள் போகிறவர் செருப்பைப் படியில் விட்டுவிட்டு, விரிப்பில் உட்கார்ந்து விலை பேசுவார். பேச்சு ஒரு இடத்தில் இறுகும். உடனே வாங்குகிறவர், "சரி, நான் வரட்டே" என்று எழுந்துவிடுவார். எழுந்தவர் போய்விட மாட்டார். படிக்கு வருவார். முதல் செருப்பை மெதுவாகப் போடுவார். வானத்தைப் பார்ப்பார். ரெண்டாவது செருப்பு எங்கேயோ காணாமல் போன மாதிரி தேடுவார். அதற்குள் உள்ளேயிருந்து "இருங்க காக்கா, எங்க போறீங்க!" என்று குரல் வந்தாக வேண்டும். வந்தால் அவரும் திரும்பியாக வேண்டும், மறுபேச்சில்லை. அப்புறம் பேசுகிற விலைதான் நிஜ விலை. ரெண்டாவது செருப்பைப் போட்டபிறகும் குரல் வரவில்லை என்றால் வியாபாரம் முடிந்தது. கூப்பிடாத கடைக்குத் தானாகத் திரும்பிப் போகிறவரை பஜாரில் ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள்.

ஜொஹரா பீவிக்கும் இதே வித்தைதான். மீன்காரரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசல் கதவில் ஒரு பாதியைச் சாத்துவார். அதுதான் அவருடைய முதல் செருப்பு. மற்ற பாதியும் சாத்தப்பட்ட நாள் ஒன்றை அந்த மீன்காரர் இன்னும் பார்த்ததில்லை. பெரியப்பா மகளுக்கு நிச்சயம் பேசினபோது மாமா ஒருத்தர் இப்படித்தான் எழுந்து போனார்; அவருடைய ரெண்டாவது செருப்பை யாரோ குழந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டதால் கல்யாணமே நடந்தது.

ஆக, இதெல்லாம் ஒருத்தரும் சொல்லிக்கொடுத்து லமியாவுக்கு வரவில்லை. தும்மல் வருகிற மாதிரி வரும்.

அன்று கருத்தரங்கு அறைக்குள் நுழையும்போதே லமியா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டாள். விலை பேசப் போகிற இடம் அல்லவா? மற்ற எல்லோரும் ஷூவோடு உள்ளே போனார்கள். ஏசி குளிரில் கால் விறைத்தது. வெளியே கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய பக்கிள் வைத்த செருப்பு மட்டும் பள்ளிவாசலில் தொழுகைக்கு முதலில் வந்த ஆள் மாதிரி தனியாகக் கிடந்தது.

கட்டணத்தில் பெரிய தகராறு இல்லை. சாய்கிருஷ்ணா பன்னிரண்டு சதவீதம் என்றான், இவள் ஐந்து என்றாள், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் வந்து நின்றார்கள். லமியா பிடித்த பிடி வேறு.

"இன்னொண்ணு. பீட்டா நாட்டு வியாபாரிங்களுக்கு உங்க துறைமுகத்துக்குள்ள வர பாஸ் வேணும்."

"எதுக்கு? சரக்கு வந்தா போறாதா?"

"சரக்கு மட்டும் உள்ள போகணும், சரக்குக்காரன் வெளிய நிக்கணுமா?"

"பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்காக்கும். கண்டவாளை எல்லாம் உள்ள விட முடியுமோ?"

"கண்டவங்களா?" லமியாவின் காது சிவந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பீட்டாவின் நிதியமைச்சர் அன்ஸியா மேஜைக்கு அடியில் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். பிரயோஜனம் இல்லை.

"பாஸ் கெடையாது. அது மட்டும் முடியாது" என்றான் சாய்கிருஷ்ணா.

"சரி, அப்ப நான் வரட்டே" என்று லமியா எழுந்தாள்.

கதவைத் திறந்து வெளியே வந்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. முதல் செருப்பைப் போட்டாள், பக்கிளை மாட்டினாள். கழற்றி இன்னொரு ஓட்டையில் மாட்டினாள். கதவைப் பார்த்தாள். ரெண்டாவது செருப்பைக் கையில் எடுத்து, அடியில் ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி தட்டினாள்.

துடைப்பத்தோடு வந்த சேச்சி, செருப்பு அறுந்துவிட்டதோ என்று நின்று பார்த்துவிட்டு, "எந்தா மோளே, செருப்பு பொட்டியோ?" என்று கேட்டார்.

"இல்ல சேச்சி. இப்பக் கூப்பிடுவாங்க."

சேச்சி அந்த வராண்டாவை முழுக்கப் பெருக்கி முடித்தார். யாரும் கூப்பிடவில்லை. லமியா ரெண்டாவது செருப்பையும் போட்டாள்.

உள்ளே நடந்ததை அன்ஸியா பிறகு சொன்னாள். இவள் எழுந்ததும் சாய்கிருஷ்ணா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தானாம். வாயைத் திறந்தானாம். அப்புறம் எதையோ நினைத்துக்கொண்ட மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம். ரமேஷ்பாபு சார் கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தார். பிறகு, "பீட்டா வெளியேறிவிட்டது" என்று அறிவித்தார். விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெளியேறிய நாடு தானாகத் திரும்ப முடியாது, எதிர்த்தரப்பு அழைத்தால்தான் வரலாம். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்பந்தம் ஆகாவிட்டால் ரெண்டு நாட்டுக்கும் மார்க் இல்லை. தீவு வேறு யாருக்காவது போய்விடும்.

சாயங்காலம் படகில் வரும்போது லமியா ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. அந்தப் பக்கம் தீவு.

வீட்டில் அத்தா முழுக்கதையையும் கேட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ரெண்டாவது செருப்பும் போட்டியா?"

"போட்டேன்."

"அப்ப சரி. இனிமே நீயாப் போகக் கூடாது."

"மார்க்கு போயிருமாமே?" என்றார் ஜொஹரா பீவி.

"போகட்டும். கூப்பிடாத எடத்துக்குப் போனா மார்க்கு இல்ல, மானம் போகும்."

சாஹில் சுவரில் சாய்ந்துகொண்டு, "பீட்டா நாட்டுல இன்னிக்கு அரைக் கம்பத்துல கொடி" என்றான். வழக்கமாக இதற்கு லமியாவின் கையில் என்ன இருக்கிறதோ அது பறந்து வரும். அன்று கையில் டம்ளர் இருந்தது. பறக்கவில்லை. சாஹிலுக்கே கொஞ்சம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவள் மனசுக்குள் என்ன ஓடியது என்று எழுதுகிறவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். ஒரே சுவர்தான் நடுவில். அன்ஸியாவோடு போனில் அவள் பேசுவது ஒலிபெருக்கி வைத்த மாதிரி இந்தப் பக்கம் கேட்கும்.

"என் தப்புதான்டீ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "போன செமஸ்டர்ல வெளிநாட்டுக்காரங்க எப்படி விலை பேசுவாங்கன்னு ஒரு பேப்பர் இருந்துச்சே, அதுல நான்தான் ஃபர்ஸ்ட். ஜப்பான்காரன் பேசாம இருந்தா என்ன அர்த்தம்னு கேளு, சொல்றேன். அரபிக்காரன் மூணாவது தடவை காப்பி ஊத்தினா என்ன அர்த்தம்னு கேளு. திருப்பூணித்துறைக்காரன் கூப்பிட மாட்டான்னு மட்டும் அந்த புக்ல இல்ல."

"நீயே ஒரு மெசேஜ் போட்டுப் பாரேன்."

"போட்டா பாஸை விடணும். நான் எறங்கிப் போனேன்னு ஆனப்புறம் அவன் பாஸ் தருவானா?"

"கற்பனை நாட்டுக்குக் கற்பனை பாஸுடீ! அதை விட்டுட்டு நிஜ பாஸை வாங்கப் பாரு."

அன்ஸியா சொன்னது நியாயம்தான். பாஸை விட்டுவிட்டு ஏழரைக்கு ஒப்புக்கொண்டால் மார்க்காவது மிஞ்சும், தீவுக்கும் வழி இருக்கும். விடாமல் இருந்தால் ரெண்டும் போனாலும் போகும். சாய்கிருஷ்ணாவின் பெயரைத் திறந்து ஏதோ தட்டினாள், அழித்தாள். மறுபடியும் தட்டினாள், மறுபடியும் அழித்தாள். கற்பனை நாட்டுக்காரனைக்கூட கேட்டுக்கு வெளியே நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை. இப்படி யாராவது அவளிடம் சொன்னால் அடிக்க வருவாள்.

அப்படியே நாள் போயிற்று. வகுப்பில் சாய்கிருஷ்ணாவும் லமியாவும் பகையாளி வீட்டுக் கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

இந்த நாட்களில் சாஹில் என்ன செய்தான் என்றால், ஒன்றும் செய்யவில்லை. ப்ளஸ் டூ அக்கவுண்டன்சியும் அவனும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிற காலம் அது. வீட்டில் படுத்துத் தூங்கினான். புதன்கிழமை மட்டும் சின்னாப்பா கடைக்கு மொபைல் கவர் எடுத்துவர வெளியே போனான். கவர் கிடைக்கவில்லை. அலைந்ததுதான் மிச்சம்.

வியாழக்கிழமை மத்தியானம் வகுப்பு இல்லை. எல்லோரும் வீட்டில் இருந்தபோது லமியாவின் போன் சிணுங்கியது. சாய்கிருஷ்ணாவிடமிருந்து மெசேஜ். 'Can we talk?' அவ்வளவுதான்.

லமியா போனைத் தூக்கிக்கொண்டு அத்தாவிடம் ஓடினாள். குடும்பமே கூடிவிட்டது.

"இது கூப்பிட்டதா இல்லியா?" என்றாள்.

அத்தா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. இருந்தாலும் நீளத்தைப் பார்த்தே சொன்னார். "இது கூப்பிட்டதில்ல. இது எட்டிப் பாத்தது. கூப்பிடறதுன்னா குரல் வேணும்."

"இந்தக் காலத்துல மெசேஜும் குரல்தாங்க" என்றார் ஜொஹரா பீவி.

"அப்ப நாளைக்கு மீன்காரன் மெசேஜ் போட்டா நீ கதவைத் திறப்பியா?"

ஜொஹரா பீவி யோசித்தார். "மாட்டேன்."

தீர்ப்பு ஆகிவிட்டது. லமியா போனை மேஜையில் குப்புற வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நகத்தைக் கடித்தாள். சாஹில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். அவன் கடிக்கிற சத்தம்தான் வீட்டில் பெரிய சத்தமாக இருந்தது. "மெதுவாக் கடிடா" என்று அம்மா அதட்டினார்.

போன் அடித்தது.

லமியா எடுத்தாள். எதிர்ப்பக்கம் ஒரு தொண்டைச் செருமல். "லமியா, நான்தான் சாய்கிருஷ்ணா பேசறேன். நாளைக்கு... நீங்க பேச்சுக்கு வரணும். ஆல்ஃபா கூப்பிடறது."

"வரேன்" என்றாள் லமியா. மறுபேச்சில்லை. போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். கழுவ அங்கே ஒரு பாத்திரமும் இல்லை.

வெள்ளிக்கிழமை. அதே அறை, அதே குளிர். லமியா அன்றைக்கும் செருப்பை வெளியே விட்டாள். இந்தத் தடவை அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி கிடந்தது. பெரிய கறுப்பு ஷூ, உள்ளே சாக்ஸைச் சுருட்டி வைத்திருந்தது. உள்ளே சாய்கிருஷ்ணா வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தான்.

ரமேஷ்பாபு சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஆரம்பிக்கலாம் என்றார். சாய்கிருஷ்ணா குரலைத் தாழ்த்திக்கொண்டு தமிழில் கேட்டான்.

"காமாவோட உங்களுக்கு நிஜமாவே பேசி முடிஞ்சுடுத்தா?"

லமியாவுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. காமா என்பது கோவிந்தின் நாடு. அதற்கும் ஒரு துறைமுகம் உண்டு. கோவிந்தோடு அவள் பேசியது வகுப்பு ஆரம்பத்தில் ஒரு தடவை, பேனா கடன் கேட்டபோது. ஆனால் பஜார் ரோட்டு ரத்தம். தெரியாத விஷயம் காதில் விழுந்தால் முகம் தானாகவே கல்லாகிவிடும். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

"நீங்க உங்க விலையைச் சொல்லுங்க" என்றாள்.

"சார்கிட்ட கேட்டேன். வேற நாட்டோட பேசப்படாதுன்னு விதியே இல்லையாம். நீங்க காமா பக்கம் போய்ட்டா நான் வெறும் துறைமுகத்தை வச்சுண்டு என்ன பண்றது? உங்க செயலர் அதைத்தான் கேட்டார்."

"யாரு?"

"உங்க வெளியுறவுச் செயலர். சுதர்ஷன்னு பேர் சொன்னார், முதல் வருஷமாம். ஆத்துக்கே வந்துட்டார். அன்னிக்கு நீங்க எழுந்தப்ப கூப்பிடணும்னு எனக்கு வாய் வரைக்கும் வந்தது, லமியா. போறவாளைப் பின்னாலேர்ந்து கூப்பிட்டா ஆகாதுன்னு அம்மா சின்னதுலேர்ந்து சொல்லி வச்சிருக்கா. போற காரியம் கெட்டுப்போயிடுமாம். உங்களுக்குக் கெடுதல் வேண்டாமேன்னு விட்டுட்டேன். இதைச் சொன்னேன், உங்க செயலர் என்ன சொன்னார் தெரியுமோ? 'போன்ல கூப்பிடுங்க சார், முன்னாலயா பின்னாலயான்னு யாருக்குத் தெரியும்'னார்."

அன்ஸியா மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. லமியா மட்டும் அசையவில்லை. உதட்டின் ஒரு ஓரத்தைப் பல்லால் பிடித்து வைத்திருந்தாள்.

"பாஸ்?" என்றாள்.

சாய்கிருஷ்ணா பெருமூச்சு விட்டான். "தரேன். போட்டோ ஒட்டி, பேர் எழுதி. ஆனா பதிவு பண்ணின வியாபாரிக்கு மட்டும்."

"தரகருக்கும்."

"தரகர் எதுக்கு?"

"தரகருக்கும்" என்றாள் லமியா மறுபடியும். இந்தத் தடவை அவள் குரல் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. எழுந்திருக்கவில்லை, செருப்பு இருந்த பக்கம் திரும்பவும் இல்லை. சாய்கிருஷ்ணா அவளை ஒரு நிமிஷம் பார்த்தான்.

"சரி. தரகருக்கும்" என்றான்.

கட்டணம் ஏழரை. பாஸ், வியாபாரிக்கும் தரகருக்கும். இஞ்சி காயவைக்கத் துறைமுகத்தில் ஒரு கொட்டகை, அது சாய்கிருஷ்ணா தானாகவே சேர்த்தது. ரமேஷ்பாபு சார் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, மற்ற எல்லாரும் சதவீதத்துக்கு அடித்துக்கொண்டிருந்தபோது ஆட்கள் உள்ளே போவதைப் பற்றிப் பேசிய ஒரே நாடு இதுதான் என்றார். சாயங்காலம் அறிவிப்பு வந்தது. தீவு லமியாவுக்கு. சாய்கிருஷ்ணா கை தட்டினான். கை தட்டிக்கொண்டே ஷூவுக்குள் சாக்ஸைத் தேடினான்.

படகில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள் என்று கேள்வி.

வீட்டில் ஜொஹரா பீவி கேட்டதும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி உடனே பாயசத்துக்குப் பால் வாங்க ஆள் தேடினார். அத்தா சட்டைப் பையைத் தடவிக்கொண்டே வாசலுக்கும் உள்ளுக்குமாக ரெண்டு நடை நடந்தார். தரகருக்கும் பாஸ் உண்டு என்று அவள் சொன்னபோது மட்டும் நின்று, "அது கற்பனை நாட்டுல தானே?" என்று கேட்டார். "இப்போதைக்கு" என்றாள் லமியா.

சாஹில் இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அரிசி மாவுப் பத்திரியும் கறியும் தின்றுகொண்டிருந்தான். லமியா கை கழுவிவிட்டு அவனுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஒரு பத்திரியை எடுத்துப் பிய்த்தாள்.

"இனிமே தீவுல கப்பல் எல்லாம் உன்னைக் கேட்டுத்தான் திரும்பும்" என்றான் அவன். "காய்ச்சல் கீய்ச்சல் வராமப் பாத்துக்க. உலகம் தாங்காது."

"ம்."

"அந்த ஐயர் பையன் பாவம். ஏமாந்தவன்."

"ஆமா" என்றாள் லமியா, பத்திரியைக் கறியில் தோய்த்துக்கொண்டே. ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னாள். "நல்ல மனுஷங்க. நீ போன அன்னிக்கு அவங்க வீட்டு நாய் உன்னை ரோடு வரைக்கும் தொரத்துச்சாமே, அதுக்கு அவங்க அம்மா ரொம்ப வருத்தப்பட்டாங்களாம்."

"நாயா? எவன் சொன்னது? அங்க ஏது நாய், ஒரு பூனைதான் மடியில வந்து..."

சாஹிலின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அடுக்களையில் அம்மாவின் கரண்டிச் சத்தமும் நின்றது.

லமியா கறிக் கிண்ணத்தை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"பூனை என்ன நிறம்?" என்றாள்.